வளைபரப்பைத் தொட்டுப் படமெடுத்தல்: லென்ஸின் இடத்தில் நெருக்கம்

தடித்த புத்தகத்தைத் தட்டை ஸ்கேனரின் கண்ணாடிமீது கவிழ்த்து நகலெடுத்தவர்கள் தையலோரத்து எழுத்துகள் மங்கிப்போவதைப் பார்த்திருப்பார்கள். முதுகை எவ்வளவு அழுத்தினாலும் தையலருகே தாள் கண்ணாடியை விட்டுச் சில மில்லிமீட்டர் எழும்பியே நிற்கும். அந்த இடைவெளியை ஒருவகை ஸ்கேனர் பொறுத்துக்கொள்கிறது. இன்னொரு வகை பொறுத்துக்கொள்வதில்லை. ஒளியைத் திருப்பும் ஆடிகளும் பெரிய லென்ஸும் கொண்டு, தாளின் உருவத்தைச் சுருக்கிச் சிறிய சிப் ஒன்றின்மேல் விழச்செய்யும் பருத்த ஸ்கேனரில், ஓரம் நிழலடித்தாலும் எழுத்தைப் படித்துவிடலாம். யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மெலிந்த ஸ்கேனரிலோ அதே ஓரத்தில் எழுத்தின் உருவமே கலைந்துவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணமான ஒளியியல்தான், வளைந்த பரப்புகளைத் தொட்டபடியே படமெடுக்கும் நெகிழ் உணரித் தாள்களை உருவாக்கும் முயற்சிக்கும் அடிப்படை.

மெலிந்த ஸ்கேனருக்குள் இருப்பது தொடு பட உணரி. தாளின் முழு அகலத்துக்கும் நீளும் ஒளியுணரிகளின் வரிசை, அதற்குமேல் மெல்லிய கண்ணாடித் தண்டுகளின் வரிசை, பக்கத்தில் எல்இடி விளக்கு என்று அதன் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு தண்டிலும் ஒளிவிலகல் எண் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படிப்படியாகக் குறைவதால், தண்டே லென்ஸாக வேலைசெய்து, எதிரிலுள்ள புள்ளியைச் சுருக்காமலும் தலைகீழாக்காமலும் உணரியின்மேல் பதிக்கிறது. நிப்பான் ஷீட் கிளாஸ், என்இசி ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்கள் 1968இல் செல்ஃபாக் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய இந்தத் தொழில்நுட்பம் பின்னாளில் தொலைநகல் கருவிகளிலும் ஸ்கேனர்களிலும் இடம்பிடித்தது. பெட்டி மெலிந்தது, விலை குறைந்தது, மின்செலவும் குறைந்தது. அதற்கு ஈடாகக் கைவிட்டது குவிய ஆழத்தை. பொருள் கண்ணாடியை ஒட்டி இருக்கும்வரைதான் படம் கூர்மையாக இருக்கும்.

இந்தத் தண்டு லென்ஸ்களையும் நீக்கிவிட்டு, ஒளியுணரிகளை நேரடியாகப் பொருளின்மேல் வைத்தால் என்ன ஆகும்? அப்போது கூர்மையைத் தீர்மானிப்பது இடைவெளி ஒன்றுதான். காகிதமோ தோலோ தன்மேல் விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதில்லை. எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, எதிரிலுள்ள உணரியை அடைவதற்குள் ஏறத்தாழ இடைவெளியின் அளவுக்குப் பக்கவாட்டில் பரவிவிடும். ஆகவே 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுணுக்கத்தைப் பிரித்தறிய வேண்டுமானால், உணரிக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரமும் அந்த அளவை மிகக்கூடாது. லென்ஸ் செய்துகொண்டிருந்த வேலையை இங்கே நெருக்கம் செய்கிறது. லென்ஸில்லாத தொடு படமெடுப்பின் ஆற்றலும் பலவீனமும் இந்த ஒரே விதியிலிருந்து வருபவை.

இந்த விதியை ஒரு புட்டியின்மேல் வைத்துப் பார்க்கலாம். சுமார் 37 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிப் புட்டியின்மீது தட்டையான, விறைப்பான உணரித் தகட்டை வைத்தால் அது ஒரு கோட்டில் மட்டுமே புட்டியைத் தொடும். அந்தக் கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளிப் போனால் இடைவெளி 54 மைக்ரான். 10 மி.மீ. தள்ளிப் போனால் 1.4 மி.மீ. அதாவது 50 மைக்ரான் நுணுக்கம் கிடைப்பது நடுவிலுள்ள ஏறக்குறைய 4 மி.மீ. அகலப் பட்டையில் மட்டுமே. அதற்கப்பால் புட்டியில் ஒட்டிய சீட்டிலுள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சுமார் 8 மி.மீ. ஆரமுள்ள விரல்நுனிக்கு நிலைமை இன்னும் மோசம்: 1 மி.மீ. தள்ளினாலே இடைவெளி 60 மைக்ரானைத் தாண்டுகிறது. விரலையாவது கண்ணாடியில் அழுத்தித் தட்டையாக்கலாம். புட்டியையும் குழாயையும் அப்படிச் செய்ய முடியாது. வளைந்த பரப்பைத் தொட்டுப் படமெடுக்க வேண்டுமானால் வளைய வேண்டியது உணரிதான்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சோமேயா குழுவினர் 2004 இறுதியில் அறிவித்த தாள்வடிவ ஸ்கேனர் இந்தத் துறையின் முக்கியமான தொடக்கம். பிளாஸ்டிக் தாளின்மேல் பென்டசீன் என்னும் கரிமப் பொருளாலான டிரான்சிஸ்டர்களையும் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் கரிம ஒளி டையோடுகளையும் இணைத்து அதை உருவாக்கினார்கள். 5 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தில் 5184 உணரிகள், அங்குலத்துக்கு 36 புள்ளிகள் என்ற நுணுக்கம், 0.4 மி.மீ. தடிமன். நகரும் பாகம் எதுவும் அதில் இல்லை, லென்ஸும் இல்லை. அங்குலத்துக்கு 36 புள்ளிகள் என்றால் இரண்டு உணரிகளுக்கு இடையே 0.7 மி.மீ. தூரம், புத்தக எழுத்தைப் படிக்க இது போதாது. ஆயினும் வளைந்த தாளையும் புட்டியின் சீட்டையும் அவற்றின் வளைவோடு ஒட்டிக்கிடந்தே படிக்கலாம் என்ற வழியை அது திறந்துவிட்டது.

அந்தக் கருவியில் நான் மிகவும் மதிப்பது ஒளியை உள்ளே கொண்டுவந்த விதத்தை. உணரியைப் பொருளின்மேல் கவிழ்த்துவிட்டால் இருட்டுதான் மிஞ்சும். விளக்கு வைக்க இடமில்லை. சோமேயா குழு உணரிகளுக்கு இடையிலுள்ள பகுதிகளை ஒளிபுகும்படி விட்டது. தாளின் முதுகுப்புறம் விழும் வெளிச்சம் அந்தத் திறப்புகள் வழியே கீழிறங்கிக் காகிதத்தில் பட்டுத் திரும்பும்போது, வெள்ளைப் பகுதி அதிக ஒளியையும் கருப்புப் பகுதி குறைந்த ஒளியையும் அனுப்புகின்றன. மேலிருந்து நேராக விழும் ஒளி படாதபடி மறைக்கப்பட்ட டையோடு, திரும்பி வருவதை மட்டும் அளக்கிறது. இதில் நுட்பமான ஒரு முரண்பாடு இருக்கிறது. உணரி பொருளோடு துளியும் இடைவெளியின்றி ஒட்டிவிட்டால், உணரிக்கு நேர்கீழே உள்ள புள்ளிக்கு ஒளியே போய்ச்சேராது. இடைவெளி அதிகமானாலோ படம் கலங்கும். எனவே இவ்வகைக் கருவிகளில் உணரியை மூடும் பாதுகாப்புப் படலமே, வேண்டிய அளவு இடைவெளியைக் காக்கும் பகுதியாகவும் அமைய வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உறையாகத் தெரிவது உண்மையில் ஒளியியல் உறுப்பு.

வளைத்தால் உடையாமல் இருப்பதற்குக் காரணம் கரிமப் பொருளின் மென்மை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் தடிமன். ஒரு தாளை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் அமுங்குகிறது. இழுபடும் விகிதம், தடிமனை வளைவின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். 0.4 மி.மீ. தாளை 37 மி.மீ. ஆரமுள்ள புட்டியில் சுற்றினால் வெளிப்பக்கம் அரை விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக இழுபடும். அதே தாளை 5 மி.மீ. ஆரத்துக்கு மடக்கினால் இழுப்பு 4 விழுக்காடாக ஏறிவிடும். நொறுங்கும் தன்மையுள்ள மெல்லிய படலங்கள் சுமார் 1 விழுக்காட்டிலேயே விரிசல் விடக்கூடியவை. தடிமனை 15 மைக்ரானாகக் குறைத்தால் அதே 5 மி.மீ. மடிப்பில் இழுப்பு 0.15 விழுக்காடுதான். இந்த அளவுக்கு மெலிந்துவிட்டால் சிலிக்கன்கூட வளையும். மின்னணுப் படலங்களைத் தாளின் மேற்பரப்பில் விடாமல், இழுப்பும் அமுக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நடுத்தளத்தில் வைத்து இருபுறமும் சம தடிமனில் மூடுவது இன்னொரு உத்தி.

இந்த இரண்டு பாடங்களும் ஒன்றுசேர்ந்த கருவியை 2020 ஜனவரியில் பார்க்க முடிந்தது. தொமொயுகி யொகொதா, சோமேயா ஆகியோரின் குழு ஜப்பான் டிஸ்ப்ளே நிறுவனத்துடன் சேர்ந்து, 15 மைக்ரான் தடிமனில், அங்குலத்துக்கு 508 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் ஒரு பட உணரியை வெளியிட்டது. கைப்பேசித் திரைகளுக்காக வளர்ந்த குறைவெப்பப் பல்படிகச் சிலிக்கன் டிரான்சிஸ்டர்களின்மேல், அண்மை அகச்சிவப்பு ஒளியை உணரும் கரிம டையோடுகளைப் பூசியிருந்தார்கள். டிரான்சிஸ்டர் சிலிக்கன், ஒளியுணரி கரிமம் என்ற இந்தக் கலப்பு சரியான தேர்வு என்பது என் கருத்து. பென்டசீன் டிரான்சிஸ்டர்களின் வேகம் குறைவு. பல்படிகச் சிலிக்கனின் வேகத்தால் நொடிக்கு 41 படங்களை வாசிக்க முடிந்தது. இவ்வளவு வேகம் எதற்கு என்றால், அந்த ஒரே தாள் கைரேகையையும், தோலுக்கடியில் ஓடும் சிரைகளின் அமைப்பையும், நாடித்துடிப்பின் அலையையும் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ரேகைக்கு நுணுக்கம் வேண்டும், துடிப்புக்கு வேகம் வேண்டும். 508 என்ற எண்ணும் தற்செயலானதல்ல: 50 மைக்ரானுக்கு ஒரு புள்ளி என்று அமைத்தால் அங்குலத்துக்கு 508 புள்ளிகள் வரும், கைரேகைப் பதிவுக்கு அமெரிக்காவின் எஃப்பிஐ வரையறுத்துள்ள 500 புள்ளிகளை அது எட்டிவிடுகிறது.

உடலைத் தொட்டுப் படமெடுப்பதில் காகிதத்தில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. விறைப்பான உணரியைத் தோலில் அழுத்தினால் அந்த இடத்திலிருந்து இரத்தம் விலகித் தோல் வெளிறிவிடும். அளக்க வந்த பொருளையே அளவீடு கலைத்துவிடுகிறது. வளைந்து ஒட்டும் தாள் அழுத்தத்தைப் பரவலாக்குவதால் இந்தக் கேடு குறைகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அனா அரியாஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட நெகிழ் ஆக்சிமீட்டர் அணி இந்த வழியில் வந்தது. அச்சிடப்பட்ட கரிம எல்இடிக்களில் நான்கு சிவப்பு, நான்கு அண்மை அகச்சிவப்பு. கூடவே எட்டு கரிம டையோடுகள். விரலில் மாட்டும் வழக்கமான ஆக்சிமீட்டர் விரலை ஊடுருவி மறுபக்கம் வரும் ஒளியை அளப்பது. இது அதே பக்கம் திரும்பி வரும் ஒளியை அளப்பதால் நெற்றியிலும் முன்கையிலும் வைக்கலாம். கையில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, முன்கையின் வெவ்வேறு இடங்களில் ஆக்சிஜன் அளவு எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தை அவர்கள் எடுத்தார்கள். திசுவுக்குள் ஒளி பலமுறை சிதறுவதால், தோலுக்கு அடியிலுள்ளதைப் பார்க்கும் படங்களின் நுணுக்கத்தை உணரிகளை நெருக்கி அடுக்கி உயர்த்திவிட முடியாது. இங்கே எல்லை வகுப்பது உடல்.

ஆனால், நெகிழும் தொடு உணரிக்கு மிகவும் வலுவான தேவை இருக்கும் இடம் புட்டியும் அல்ல, விரலும் அல்ல என்று நான் கருதுகிறேன். புட்டியைச் சுழற்றலாம், சுழற்ற முடிந்த எதையும் ஒரே கோட்டைத் தொடர்ந்து படமெடுக்கும் சாதாரணக் கேமரா முழுமையாக விரித்துத் தந்துவிடும். அதற்காக ஒரு தொழிற்சாலை நெகிழ் உணரியை வாங்கப்போவதில்லை. லென்ஸே பயன்படாத இடத்தில்தான் தொடு படமெடுப்புக்கு மாற்று இல்லை. அப்படிப்பட்ட இடம் எக்ஸ்-கதிர். பெரிய பரப்பில் எக்ஸ்-கதிரைக் குவித்து உருவமாக்கும் லென்ஸ் நடைமுறையில் இல்லாததால், மார்பு எக்ஸ்ரேயும் பல் எக்ஸ்ரேயும் குழாய் வெல்டிங் எக்ஸ்ரேயும் எல்லாமே நிழற்படங்கள்தான். பொருளை ஒட்டி உணரி இருந்தால்தான் நிழல் கூர்மையாக விழும்.

குழாய் வெல்டிங் சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சுத்திகரிப்பு ஆலைகளில் சாதாரணமாகக் காணப்படும் 8 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 219.1 மி.மீ.; இரண்டு துண்டுகளை இணைக்கும் வெல்டிங் தையல் சுமார் 69 செ.மீ. நீளத்துக்குக் குழாயைச் சுற்றி வருகிறது. பழைய முறையில், ஒளிபுகாத நெகிழ் உறைக்குள் இருக்கும் ஃபிலிமை அந்தத் தையலின்மேல் முழுதாகச் சுற்றிக் கட்டுவார்கள். இரிடியம்-192 கதிர்மூலத்தைக் குழாயின் உள்ளே நடுமையத்தில் நிறுத்துவார்கள். ஒரே பதிவில் தையல் முழுவதும் படமாகிவிடும். எல்லாத் திசையிலும் தூரம் ஒன்றாக இருப்பதால் ஃபிலிமின் எல்லா இடங்களிலும் கருமை ஒரே அளவில் விழும். சுற்றிய நிலையில் எடுத்த படத்தை அவிழ்த்து விரித்தால், தையல் நேர்க்கோடாக, உருவம் கோணாமல், ஏறத்தாழ உண்மை அளவில் முன்னால் கிடக்கும். காற்றுக்குமிழும் விரிசலும் தையலின் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை அளவுநாடா வைத்தே சொல்லிவிடலாம்.

டிஜிட்டல் தகடு வந்தபோது இந்த வசதி போய்விட்டது. எக்ஸ்-கதிரை ஒளியாக மாற்றும் மினுக்கிப் படலமும் அதற்கடியில் கண்ணாடித் தகட்டின்மேல் அமைந்த டிரான்சிஸ்டர்-டையோடு அணியும் சேர்ந்தது அந்தத் தகடு. திரைத் தொழிலில் வழக்கமான 0.7 மி.மீ. கண்ணாடியை இந்தக் குழாயின் வளைவுக்கு வளைத்தால் இழுப்பு 0.3 விழுக்காடு, ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ள கண்ணாடி அதைத் தாங்காது. ஆகவே தகட்டைத் தட்டையாகத்தான் வைக்க வேண்டும். குழாயைத் தொடும் கோட்டிலிருந்து 50 மி.மீ. தள்ளி, மையத்திலிருந்து வரும் கதிரின் வழியே அளந்தால் இடைவெளி சுமார் 11 மி.மீ. இதன் விளைவைக் கணக்கிடுவது எளிது. கதிர்மூலத்தின் அகலம் 2 மி.மீ., குழாய்ச் சுவர் 8 மி.மீ., மூலத்திலிருந்து சுவரின் உட்பரப்புக்கு 101 மி.மீ. என்று கொண்டால், ஃபிலிம் ஒட்டியிருக்கும்போது நிழலின் ஓரம் மங்கும் அளவு சுமார் 0.16 மி.மீ.; 11 மி.மீ. இடைவெளி சேர்ந்தால் 0.38 மி.மீ. மெல்லிய விரிசலைத் தேடுபவருக்கு இது பெரிய இழப்பு. இதைத் தவிர்க்கக் குறுகலான தகட்டை இருப்புப்பாதை போன்ற வளையத்தில் ஏற்றிக் குழாயைச் சுற்றி நகர்த்திப் படமெடுக்கிறார்கள். வேலை நடக்கிறது, ஆனால் ஒரே பதிவில் முடிந்தது பல பதிவுகளாகிறது, குழாயைச் சுற்றி அந்த வளையத்துக்கு இடமும் வேண்டும்.

நடுவழியாக வந்தது 1980களில் ஃபியூஜி நிறுவனம் பரவச்செய்த பாஸ்பர் தகடு. எக்ஸ்-கதிரின் பதிவைத் தனக்குள் தேக்கிவைத்து, லேசர் பட்டதும் ஒளியாக வெளியிடும் அந்தத் தகடு வளையக்கூடியது. குழாயிலும் சுற்றலாம், பல் மருத்துவரிடம் வாய்க்குள்ளும் வைக்கலாம். விறைப்பான பல் உணரி ஈறில் குத்தும் வலியை அனுபவித்தவர்களுக்கு இந்த நெகிழ்வின் அருமை தெரியும். ஆனால் படமெடுத்தபின் தகட்டைக் கழற்றி வாசிப்புக் கருவியில் ஓட்டியாக வேண்டும். இடத்திலேயே, உடனே, வளைந்தபடி வாசிக்கும் தாளுக்கான இடம் அப்போதும் காலியாகவே இருந்தது.

அந்த இடத்தை நிரப்பவே பல குழுக்கள் முயன்றுவருகின்றன. அமெரிக்காவின் பார்க் ஆய்வகம் 2008இல் பிளாஸ்டிக் தாளின்மேல் படிகமற்ற சிலிக்கன் டிரான்சிஸ்டர்களையும் கரிம டையோடுகளையும் இணைத்தது. பிரான்ஸின் ஐசார்க், பிரிட்டனின் பிளாஸ்டிக் லாஜிக் ஆகிய நிறுவனங்கள் 2013இல் 4 செ.மீ. சதுரத்தில் 8930 புள்ளிகள் கொண்ட வளையும் உணரியைக் காட்டின. அதே ஆண்டில் நெதர்லாந்தின் ஹோல்ஸ்ட் மையத்தினர், கரைசலிலிருந்து பூசிய கரிம டிரான்சிஸ்டர்களால் பிளாஸ்டிக்கின்மேல் எக்ஸ்-கதிர் உணரி செய்தார்கள். மினுக்கிப் படலத்திலும் தேர்வு மாறுகிறது. கூர்மைக்குப் பெயர்பெற்ற சீசியம் அயோடைடு நெடிய படிகத் தூண்களாக வளர்வது, கடுமையான வளைப்பை விரும்பாதது. பாலிமர் பசையில் கலந்து பூசும் கடோலினியம் ஆக்சிசல்ஃபைடு எளிதில் வளையும். கண்ணாடியை நீக்கிய எக்ஸ்-கதிர் தகடுகள் இப்போது மருத்துவமனைச் சந்தையில் இருக்கின்றன. ஆனால் அவை விறைப்பான பெட்டிக்குள்தான் இருக்கின்றன; எடை குறைவு, கீழே விழுந்தால் உடையாது என்பதற்காகவே வாங்கப்படுகின்றன. நெகிழ்வுத் தொழில்நுட்பம் முதலில் விற்பனையானது வளைவதற்காக அல்ல.

குழாய், புட்டி, முன்கை ஆகியவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு: அவை ஒரு திசையில் மட்டும் வளைந்தவை அல்லது ஏறத்தாழ அப்படிப்பட்டவை. தாள் எவ்வளவு மெலிந்தாலும் அதற்கு அப்பால் போக முடியாது என்பதை ஜெர்மன் கணிதவியலர் காவுஸ் 1827இலேயே கணிதமாக நிறுவிவிட்டார். நீட்டாமலும் சுருக்காமலும் ஒரு தட்டைத் தாளை உருண்டைமேல் படியவைக்க இயலாது. பந்தைச் செய்தித்தாளில் பொதிந்தால் ஓரமெல்லாம் சுருக்கம் விழுவது இதனால்தான். 50 மி.மீ. ஆரமுள்ள உருண்டை, அதாவது ஏறத்தாழ குதிகாலின் அளவு என்று கொள்வோம். அதன்மேல் 5 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தாளைப் படியவைக்க, தாளின் விளிம்பு 4 விழுக்காடு சுருங்கியாக வேண்டும். 15 மைக்ரான் தாள் வளைவதில் எவ்வளவு சலுகை தந்தாலும் இந்தச் சுருக்கத்தில் ஒரு சலுகையும் தராது. மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் இடைவெளி தோன்றும், இடைவெளி தோன்றிய இடத்தில் படம் மங்கும்.

இதற்கு வழி, தாளில் வெட்டுகள் இடுவது அல்லது உணரிகளை விறைப்பான சிறு தீவுகளாக்கி அவற்றை நெளிவான கம்பிகளால் இணைப்பது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2008இல் கண்விழி வடிவ கேமராவுக்காக 16க்கு 16 சிலிக்கன் உணரிகளை அமுங்கக்கூடிய இணைப்புகளால் அரைக்கோளத்தில் பொருத்தினார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவொன்று 2021இல் வெட்டுத்தாள் கலையின் முறையில் வளைவுக்கேற்ப உருமாறும் பட உணரியைக் காட்டியது. அவை இரண்டும் லென்ஸின் பின்னால் வைப்பதற்கானவை. தொட்டுப் படமெடுக்க அவற்றை அப்படியே கொண்டுவந்தால் வேறொரு கணக்குக் குறுக்கே வரும். இணைப்புகள் நீளும் இடத்தில் உணரிகள் விலகி நுணுக்கம் குறையும். அமுங்கும் இடத்தில் நெருங்கும். ஆகவே படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அளவுகோல் வேறாகிறது. ஒரு திசை வளைவில் கிடைக்கும், அவிழ்த்து விரித்ததும் உண்மை அளவில் கிடக்கும் படம் என்ற நன்மை இங்கே இல்லாமற்போகிறது.

எனவே அடுத்த சில ஆண்டுகளில் கவனிக்க வேண்டிய இடம் குழாய்தான் என்று தோன்றுகிறது. அங்கே வளைவு ஒரு திசையில் மட்டும், ஆரம் பத்துச் செ.மீ. அளவில், 0.1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் தாளுக்குக்கூட இழுப்பு 0.05 விழுக்காட்டைத் தாண்டாது. தீர்க்க வேண்டியவை வேறு: ஈரத்தாலும் ஆக்சிஜனாலும் கெடும் கரிமப் படலத்தை வெயிலிலும் தூசியிலும் காக்கும் உறை, தாளின் விறைப்பான ஓரத்தில் உட்காரும் வாசிப்புச் சிப்புகளும் இணைப்பிகளும் அடிக்கடி சுற்றி அவிழ்ப்பதைத் தாங்குவது, கதிர்வீச்சில் நாளடைவில் மின்னணுப் பாகங்கள் கெடுவது. டிஜிட்டல் உணரிகளால் வெல்டிங்கைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 17636 தரநிலையின் இரண்டாம் பகுதி கோரும் படத்தரத்தையும் எட்டியாக வேண்டும். தட்டைத் தகட்டில் ஒவ்வொரு உணரியின் ஏற்றத்தாழ்வையும் சீரான கதிரைக் காட்டி முன்கூட்டியே அளந்து திருத்திக்கொள்வார்கள். சுற்றிய தாளுக்கு அந்தத் திருத்தத்தைத் தட்டையாக வைத்து எடுப்பதில் பொருளில்லை. வெல்டிங் இல்லாத அதே அளவுக் குழாயில் சுற்றி, மூலத்தை மையத்தில் நிறுத்தி எடுப்பதே முறை. ஃபிலிம் காலத்தில் சமமான கருமையைத் தந்த அந்த மைய அமைப்பே, எல்லா உணரிக்கும் சமமான கதிரைத் தந்து இந்த அளவுத்திருத்தத்துக்கும் உதவும்.